மருந்தடிக்காத கான்

அப்பா தேயிலை மலைக்கு மருந்தடிப்பவர். அம்மா நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மருந்து கொடுப்பவள். களைக்கொல்லிக்கும் கசாயத்துக்கும் எங்கள் தோட்டத்தில் ஒரே பெயர்தான்.

உடப்புசல்லாவைக்கு மேலே, பனி இறங்கினால் எதிர் லயம் தெரியாத தோட்டம் அது. தொண்ணூறுகளின் நடுவில் நான் பெயர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனபோது, மலையில் எல்லோருக்கும் நான் மருந்துக்காரி மகள்.

அம்மாவும் கொழுந்துதான் எடுத்தாள். வேலை முடிந்து வரும்போது, மழைத்தண்ணீர் வடியும் கான் ஓரமாகக் குனிந்து வல்லாரை, மணத்தக்காளி, குப்பைமேனி என்று பறித்து, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கின் மடிப்பில் போட்டுக்கொண்டு வருவாள். அட்டை கடித்துச் சொறிந்து புண்ணான கால்களுக்குக் குப்பைமேனியை மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துப் பூசுவாள். வாய்ப்புண் என்று வந்தால் மணத்தக்காளிக் கீரை. சளிக்குக் கொத்தமல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டு, நான்கு கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாகும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள். “அவசரப்பட்டு எறக்கினா அது வெறும் மல்லித் தண்ணி” என்பாள்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து சளி என்று கைப்பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். அம்மா சட்டையை விலக்கிப் பார்த்தாள். மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்ளே போய் வந்தது.

“இது என் கையில இல்ல. லொறியக் கேளுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றாள். கசாயம் கேட்ட தகப்பனை ஏறக்குறைய அதட்டியே அனுப்பினாள். பிள்ளை பிழைத்து வந்தது. அவள் கொடுத்த மருந்துகளைவிட அன்று கொடுக்காமல் விட்டதில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

ஒரு மாலை அப்பா வேலை முடிந்து வந்து, கைகால் கழுவியபடியே அம்மாவிடம் சொன்னார்.

“நாளையிலேருந்து கான் ஓரத்துக்கும் மருந்தடிக்கச் சொல்லிட்டாங்க. இனிமே அங்க எதையும் பறிக்காத.”

அம்மா பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடிக்கும் நேரம், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வந்தார். சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். பெண்கள் அவரிடம் நேராகப் பேசுகிற வழக்கம் கிடையாது. எதுவானாலும் கங்காணி வழியாகத்தான் போகும். அம்மா வரிசையை விட்டு முன்னால் நடந்தாள்.

“தொரை, எங்களுக்கு ஒரு கான் வேணுங்க.”

“கானா? கான் எதுக்கு?”

“கோயில் முடக்குலேருந்து தண்ணிப் பீலி வரைக்கும் மருந்துப் பச்சிலை மொளைக்குதுங்க. அதுக்கு மருந்தடிக்காம விட்டுருங்க.”

“அப்ப புல்லு மண்டிப் போகுமே? யாரு புடுங்கிறது?”

“நான் புடுங்கிறேங்க.”

கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டார். ஆண்கள் வரிசையில் நின்ற அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “நானும் புடுங்கிறேங்க” என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். பின்னாலிருந்து இன்னொருத்தி, அதற்குப் பின்னால் இன்னொருத்தி.

“ஒரு புல்லு தேயிலைக்குள்ள வந்தாலும் மருந்தடிச்சிருவேன்” என்று சொல்லிவிட்டுத் துரை போனார்.

அன்று வீட்டில் அப்பா பொரிந்து தள்ளினார். “பெரட்டுல எம் மானம் போச்சு.” அம்மா அதற்கும் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு பேர் போவோம். காடாக வளர்ந்த புல்லை மட்டும் கையால் பிடுங்கி, வல்லாரைக் கொடியை அதன் போக்கில் விட்டுவிடுவோம். எது புல், எது மருந்து என்று அந்தக் கான் ஓரத்தில்தான் எனக்குக் கண் பழகியது. ஆறு வருடம் அந்தத் துரை பேச்சு மாறவில்லை. நாங்களும் மாறவில்லை.

பிறகு அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப்போய்ப் புதுத் துரை வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் மேல் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தோம். கீழே மருந்தடிக்கும் ஆட்கள் கோயில் முடக்கை நெருங்குவது தெரிந்தது. கணக்கப்பிள்ளை கையைக் காட்டி ஏதோ சொன்னார். முன்னால் போன அப்பா நின்றார். முதுகிலிருந்த மருந்து டாங்கியைக் கழற்றி ரோட்டில் வைத்தார்.

“இந்தக் கானுக்கு நான் அடிக்க மாட்டேங்க. வேணும்னா என் பேர வெட்டிருங்க.” அவர் சத்தம் மேல் மலைவரை கேட்டது.

அவருடன் மருந்தடித்த மற்ற இரண்டு பேரும் டாங்கியை இறக்கினார்கள். கணக்கப்பிள்ளை கத்திப் பார்த்துவிட்டுத் துரையைக் கூட்டி வந்தார். புதுத் துரை கான் ஓரமாகவே பீலிவரை நடந்து போனார், திரும்பி நடந்து வந்தார். நான் எடுத்த கொழுந்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

“மத்த கானைவிட இது சுத்தமா இருக்கே” என்றாராம் அவர். “விட்டுருங்க.”

அன்று மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் ஒரு வார்த்தைக்கு மறு வார்த்தை பேசாதவள், தராசுக்கு முன்னால் நின்ற ஒவ்வொருத்தியையும் தோளைத் தொட்டுத் திருப்பி, “எங்க வீட்டுக்காரரு டாங்கிய எறக்கி வச்சிட்டாருல்ல!” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேரில் பார்த்த எங்களிடமும்தான்.