மொட்டைத்தேள் மேல் விழுந்த பழி

சூரியநெல்லிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கத்தரீனாளுக்குச் சருகு வாரும் வேலை. சோலைக்காட்டின் ஈரச் சருகை முள்வாரியால் இழுத்துக் குவித்து, சாக்கில் கட்டி நாற்றங்காலுக்குச் சுமப்பாள். சருகைப் புரட்டினால் மொட்டைத்தேள்கள் சிதறி ஓடும். எறும்பைவிடச் சற்றே பெரியவை. பின்னால் கொடுக்கு கிடையாது. வால் இருக்கவேண்டிய இடத்தில் சின்ன மொட்டு ஒன்றுதான். நூல் போன்ற முன்னங்கால்களால் தரையைத் தடவிக்கொண்டே போகும். தொட்டால் சட்டென்று பின்பக்கமாகப் பாயும். கைமேல் ஏறினாலும் அவள் தட்டிவிடமாட்டாள்.

1956இல், மழை ஓய்ந்திருந்த ஒரு காலை. கூட வேலை பார்த்த ராமுத்தாய் தன் கைக்குழந்தைக்கு மரக்கிளையில் தூளி கட்டினாள். கங்காணி கந்தப்பன் வந்து அதை அறுத்துப் போட்டான்.

"பிள்ளையத் தாலாட்டவா வந்த? கீழ கெடத்திட்டு வேலையப் பாரு."

கத்தரீனாள்தான் குழந்தையை வாங்கி, தான் குவித்த சருகின்மேல் துணி விரித்துப் படுக்க வைத்தாள்.

குழந்தை வீறிட்டதும் இருவரும் ஓடினார்கள். கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. தூக்கிக்கொண்டு ஓடி வண்டிப்பாதையை எட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. உடம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

துணியில் ஒரு மொட்டைத்தேள் ஊர்ந்துகொண்டிருந்தது. கந்தப்பன் அதை நசுக்கிக் காட்டினான். "இதுதான் கொட்டியிருக்கு. கிண்டிக் கொண்டாந்து போட்டவ இவதான்."

ராமுத்தாய் முள்வாரியின் கட்டையால் கத்தரீனாளை வாயோடு சேர்த்து அடித்தாள். பற்கள் தெறித்தன. மறுபடியும் அடித்தாள். கத்தரீனாள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, குவியலை அரிவாளால் கிளறினாள். அடியில் சருகு நிறத்திலேயே ஒரு விரியன் சுருண்டு கிடந்தது. வெட்டினாள். அது செத்த பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"குவிச்சது நாந்தான். கெடத்துனதும் நாந்தான்," என்றாள். "ஆனா தூளிய அறுத்தது யாரு தாயி?"

ராமுத்தாய் திரும்பினாள். கந்தப்பனின் பிரம்பு அவள் தோளில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. முள்வாரியின் பற்கள் அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு கண்ணில் இறங்கின. விழுந்தவன்மேல் கத்தரீனாள் ஏறி உட்கார்ந்து கைமுட்டியால் முகத்தில் குத்தினாள். மற்றவர்கள் வந்து பிரித்தார்கள், அவசரமில்லாமல்.

கந்தப்பன் ஒற்றைக் கண்ணோடு பிழைத்தான். இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். அங்கே ராமுத்தாய் கத்தரீனாளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; விடுதலையானதும் திரும்பிப் பார்க்காமல் போடி பக்கம் இறங்கிப் போய்விட்டாள். கத்தரீனாள் தேவிகுளத்துக்குப் பக்கத்தில் கொழுந்து பறிக்கச் சேர்ந்தாள். சோற்றை ஒரு பக்கமாகவே மெல்லுவாள். யாராவது காரணம் கேட்டால், "ராமுத்தாய் அடிச்சா," என்பாள். "வேற யாரும் அடிச்சிருந்தா விட்டிருக்கமாட்டேன்."