ஒரு வாய் தூக்கம்

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி முடியப்போகும் ஒரு காலை. புதுக்கோட்டை ரயில் நிலைய வாசலில் காரை நிறுத்திவிட்டு, சென்னை ரயிலுக்காகக் காத்திருந்தேன். எனக்கு ஊர் அரிமளம். வாடகைக் கார் ஓட்டுகிறேன். அன்று எனக்கு வந்த சவாரி இரண்டு சினிமாப் பாடலாசிரியர்கள். ஒருவர் இருபது வருடங்களுக்கு மேலாக எழுதுகிறவர். இன்னொருவர் நாற்பதை ஒட்டிய வயதுள்ள பெண்மணி. இருவர் பாட்டுகளும் என் காரிலேயே பல தடவை ஓடியிருக்கின்றன. ஆனால், அவை அவர்கள் எழுதியவை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பாட்டு என்றால் பாடியவர் பேரும் இசையமைப்பாளர் பேரும்தானே நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கிறது!

மாலையில் புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மாணவர்களோடு அவர்களுக்குக் கலந்துரையாடல். அதுவரை நேரம் இருந்தது. அந்த அம்மா, கடலைப் பார்க்க வேண்டும், கூட்டமில்லாத கடலாக இருந்தால் நல்லது என்றார். மணமேல்குடிக்கு வண்டியைத் திருப்பினேன்.

அப்படி ஒரு பனியை நான் அந்தச் சாலையில் அதிகம் பார்த்ததில்லை. கண்மாய்களுக்கு மேல் வெள்ளைத் துணியை விரித்துப் போட்டதுபோல் கிடந்தது. தைல மரங்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. எதிரே வரும் பேருந்துகூட விளக்கு மட்டுமாக வந்து, பக்கத்தில் வந்ததும் பேருந்தாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். பின் சீட்டில் அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள்.

பெரியவர் தன் முதல் பாட்டைப் பற்றிச் சொன்னார். அது வெளிவந்த கேசட்டை வாங்கிப் பார்த்தால் உறையில் அவர் பெயரே இல்லையாம். அச்சடிக்கும்போது விட்டுப்போயிருந்ததாம். பேனாவால் தானே எழுதித் தன் தாயாரிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். கூட வந்த அம்மாவோ முன்பு அறிவியல் ஆசிரியையாக இருந்தவர். முதல் பாட்டைப் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நின்றபோது ஒரு வெற்று விடைத்தாளில் எழுதியதாகச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு பேச்சு அந்த அம்மா கையிலிருந்த வேலைக்கு வந்தது. ஒரு பெரிய படத்துக்குத் தாலாட்டு எழுத வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். மறுநாள் பாடகி வந்து பாடுகிறார். இரண்டு வாரமாக முதல் வரி கிடைக்கவில்லை. இசையமைப்பாளர், 'தன தா...ன தானா' என்று மெட்டைப் பாடி அனுப்பியிருந்தார். அந்த அம்மா அதை மெதுவாகப் பாடிக் காட்டினார்.

"இந்த 'தா'வுலதான் இழுத்து நிக்குது. அங்க வாய் நல்லாத் தெறக்குற மாதிரி வார்த்தை வேணும். 'இ'யில முடியுற வார்த்தையப் போட்டா, பாடுறவங்க பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கணும்" என்றார்.

ஒரு வார்த்தைக்குள் இத்தனை இருக்கிறதா என்று நான் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அறந்தாங்கி தாண்டியதும் என் மனைவி போன் செய்தாள். போன் காரோடு இணைந்திருந்ததால் அவள் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. சாப்பிட்டீங்களா, பனியில பாத்துப் போங்க என்றெல்லாம் கேட்டுவிட்டு, எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"வெள்ளனவே எந்திரிச்சுப் போனீங்க. அவங்க கடலப் பாக்குற நேரத்துல, நெழலாப் பாத்து வண்டியப் போட்டு ஒரு வாய் தூங்கிக்கிருங்க."

போனை வைத்தேன். பிறகு அந்த அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இப்ப என்ன சொன்னாங்க? ஒரு வாய் தூங்கவா?"

"ஆமாங்க. வீட்டுல சின்னப் புள்ள சொல்லி, அப்புடியே பழகிப்போச்சு. சோறு ஊட்டையில 'இன்னும் ஒரே ஒரு வாய்'னு கெஞ்சுவோம்ல. அதக் கேட்டுக் கேட்டு, காலையில எழுப்புனா அது 'ஒரு வாய் தூக்கம்மா'ன்னு கேக்கும்."

"அய்யோ! என்ன படிக்கிறாங்க பாப்பா?"

"ரெண்டாவதுங்க" என்றேன்.

அது பொய். எங்கள் மகள் நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். உயிரோடு இருந்திருந்தால் அந்த வருடம் இரண்டாம் வகுப்பில் இருந்திருப்பாள். சவாரிக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் சொல்லுவேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் என் மனதுக்குள் அவளை ஒரு வகுப்பு ஏற்றிவிடுவேன். என்ன பாடம், எந்தக் கலரில் ரிப்பன் என்றுகூட யோசித்து வைத்திருப்பேன். யாரையும் ஏமாற்றுவதற்காக அல்ல. அந்தப் பதிலைச் சொல்லும் ஒரு நொடி மட்டும், அவள் நிஜமாகவே எங்கேயோ பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

மணமேல்குடிக் கடல் அன்று அலையே இல்லாமல் கண்மாய் மாதிரி கிடந்தது. வானம் எது, தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தூரத்தில் நின்ற படகுகள் ஆகாயத்தில் கட்டித் தொங்கவிட்டதுபோல் தெரிந்தன. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் வண்டியில் சாய்ந்து நின்றேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

திரும்பி வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. பெரியவரிடம் பாடிக் காட்டினார்.

'ஒரு வாய் தூக்கம் ஊட்டட்டுமா, தொட்டுக்கக் கொஞ்சம் நிலா வேணுமா...'

'வாய்' என்ற இடத்தில் குரல் நீண்டு, கடல் மேல் போய் நின்றது. அவர் சொன்ன மாதிரியே வாய் நன்றாகத் திறக்கிற வார்த்தை. பெரியவர் அவர் தலையில் கை வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் மகள் யாரோ பெரியவர்கள் சபையில் ஏறி நிற்பதுபோல் பெருமையாக இருந்தது. அங்கேயே போனில் பாடிப் பதிவு செய்து இசையமைப்பாளருக்கு அனுப்பினார்.

திரும்பும் வழியில் இசையமைப்பாளரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்கள். இதுதாம்மா, இதுதான், ஊரே பாடப்போவுது என்று அவர் கத்தினார். பிறகு அந்த வரியை அவரே சத்தமாகப் பாடினார்.

அப்போதுதான் எனக்கு என்னவோ ஆனது. முன்பின் தெரியாத ஒருவர் வாயில் என் பிள்ளை வார்த்தை. இனி இது டீக்கடையில் ஒலிக்கும், கல்யாண மண்டபத்தில் ஒலிக்கும். என் மனைவி கீரனூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போகிற பேருந்தில் கேட்பாள். அத்தனை பேருக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்பாராமல் கேட்பாள். ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"என்ன தம்பி, பஞ்சரா?" என்று பெரியவர் கேட்டார்.

நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். "எம்புள்ள இப்ப இல்லைங்க. நான் பொய் சொல்லிட்டேன். அந்த வார்த்தைய மட்டும் விட்டுருங்க. எங்க வீட்டுல அத வச்சுத்தான் நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். அவ பஸ்ஸுல கிஸ்ஸுல கேட்டாத் தாங்க மாட்டா."

நான் யார் இதைக் கேட்பதற்கு, சொன்னதும் நான், ஒளித்ததும் நான் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கி, கரையில் கொஞ்ச தூரம் நடந்துபோய் நின்று போனில் பேசினார். காற்று அங்கிருந்து வீசியதால் பேச்சு துண்டு துண்டாக எனக்குக் கேட்டது.

"இல்ல சார். அந்த வரி வேணாம்... அது என்னோடது இல்ல... இல்ல, யாரும் கேஸ் போட மாட்டாங்க. அதுக்காகச் சொல்லல... வேற எழுதிப் பாக்குறேன். முடியலன்னா யாரையாச்சும் வச்சு எழுதிக்கங்க."

வந்து உட்கார்ந்ததும் என்னிடம், "போலாம்ண்ணே" என்று மட்டும் சொன்னார். புதுக்கோட்டை வரும்வரை வேறு வரிக்கு முயன்றுகொண்டே வந்தார். ஒன்றும் சரிவரவில்லை. அந்தத் தாலாட்டு அவர் கையை விட்டுப் போனது. ஒரு சின்ன முணுமுணுப்புகூட அவரிடமிருந்து வரவில்லை. இறங்கும்போது ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதிக் கொடுத்து, அக்காவ நான் கேட்டதாச் சொல்லுங்க என்றார்.

மாலை நிகழ்ச்சியில் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். உங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்ல வரி எது என்று ஒரு மாணவி கேட்டாள். இன்னிக்குக் காலையிலதான் கெடச்சுது, திருப்பிக் குடுத்துட்டேன் என்றார் அவர். அரங்கமே சிரித்தது. என் மகளுடையதைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை.

பல மாதங்கள் கழித்து அந்தப் படம் வந்தது. ஒரு மத்தியானம் டி.வி.யில் அந்தத் தாலாட்டு ஓடியது. வேறொருவர் எழுதியது. மெட்டு மட்டும் அதே 'தன தா...ன தானா'. என் முகம் மாறியதைப் பார்த்து, என்னங்க என்றாள் மனைவி. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அழுவாள், நல்லவேளை தடுத்தீங்க என்பாள் என்று நினைத்தேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"கஷ்டமாத்தாங்க இருக்கும். இருந்துட்டுப் போகுது. நம்ம ரெண்டு பேரும் போனதுக்கு அப்புறம் அத யாருங்க சொல்லுவா?"

ஒரு கதவைப் பூட்டிவிட்டு நான் காவல் நின்றிருக்கிறேன். உள்ளே இருந்த மகள் வெளியே வர ஆசைப்பட்டிருப்பாள் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி அதை அந்த நொடியே கண்டுவிட்டாள்.

சட்டைப் பைகளையும் வண்டி டேஷ்போர்டையும் தேடி, அந்த அம்மா நம்பர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கண்டுபிடித்தோம். போன் செய்து, நான் இன்னார் என்று சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணே, அக்கா நல்லா இருக்காங்களா என்றார். போனை மனைவியிடம் கொடுத்தேன். இருவரும் என்ன பேசினார்கள் என்று முழுதாகத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மனைவி ஸ்பீக்கரைப் போட்டாள். அந்த மத்தியான வெயிலில், எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரே ஒருத்திக்காக, அந்த வரியில் தொடங்கி அந்த அம்மா தாலாட்டுப் பாடினார். மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மின்விசிறி சுற்றுவது, தெருவில் யாரோ சைக்கிள் மணி அடிப்பது எல்லாம் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் இருந்தது. நாங்கள் மூன்று பேராக இருந்த நாளொன்றுக்குள் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

பாட்டு முடிந்ததும் மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நல்லா இருக்குங்க. ஆனா 'இன்னும்'னு முன்னாடி போடுங்க. 'இன்னும் ஒரு வாய்'னுதாங்க அவ கேப்பா."

அந்தப் பக்கம் முணுமுணுப்பாகப் பாடிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. "இடிக்குதுக்கா. பரவாயில்ல, வேற மெட்டு போடச் சொல்லிக்கிறேன். அவ சொன்னபடியே இருக்கட்டும்."

மனைவி சம்மதித்த அந்தப் பாட்டு இன்னும் வெளிவரவில்லை. எந்தப் படத்தில் வரும், வருமா என்றும் தெரியாது. ஆனால் அந்த அம்மா எங்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். பாட்டு வருவதற்கு முன் அந்த வார்த்தை யாருடையது என்று நீங்களே எங்காவது எழுதிவிடுங்கள், பிறகு யாரும் அதை என்னுடையது என்று சொல்லிவிடக்கூடாது என்றார். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அங்கங்கே திருத்தச் சொல்லி, இதை எழுதி முடித்திருக்கிறோம்.

மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் இப்போது பொய் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. எத்தனை வருடம் கூடவே வாழ்ந்தாலும், ஒருத்தி எவ்வளவு துக்கம் தாங்குவாள் என்பதை நாமாக முடிவு செய்துவிடக்கூடாது, அவளிடமே கேட்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து நான் மறந்ததில்லை.