அம்மன் என் அருவருப்பை எடுக்கவில்லை

எனக்கு அருவருப்பு அதிகம். மீன்காரிக்கு என்ன அருவருப்பு என்று நீங்கள் சிரிக்கலாம். மீன் குடலை உருவுவேன். அழுகின இறாலைக் கையாலேயே பொறுக்கிப் போடுவேன். அதெல்லாம் என்னை ஒன்றும் செய்யாது. மனிதர் வாயிலிருந்து வருவதைத்தான் என்னால் சகிக்க முடியாது. எச்சில், சளி, காறல். பார்த்தாலே குமட்டும். அப்படிப்பட்டவளைத்தான் மாவா மெல்லுகிற மனிதருக்குக் கட்டி வைத்தார்கள். சீவல் பாக்கையும் புகையிலையையும் சுண்ணாம்போடு கசக்கிப் பொட்டலம் போட்டு விற்கிற அந்தச் சனியனோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் அவர் துப்பாத இடம் சாமி மாடம் ஒன்றுதான். கலீஜ் பிடித்த ஆள் என்று நான் திட்டாத நாள் கிடையாது. திட்டினால் சிரிப்பார். சிரிக்கும்போது பல் தெரியும், அதையும் என்னால் பார்க்க முடியாது.

போன புரட்டாசியில் அவர் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. எச்சில் விழுங்கினால் அது மேலே ஏறி இறங்கியது. மாவாதான் காரணம் என்று நான் கத்தினேன். பொன்னேரியில் ஒரு டாக்டர் ஊசி குத்திச் சோதித்துவிட்டு, மாவாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது தைராய்டில் வந்த புற்றுநோய் என்றார். ஆண்களுக்கு இது குறைவாகத்தான் வரும் என்றும் சொன்னார். குறைவாக வருவது எங்கள் வீட்டைத் தேடி வந்திருந்தது.

மார்கழியில் சென்னையில் ஆபரேஷன் ஆனது. கழுத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை தையல். குப்பத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருத்தி உள்ளே வரும்போதே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இது ஒட்டுவாரொட்டியா?" என்று கேட்டாள். இன்னொருத்தி அவர் காதில் விழும்படியே, "டாக்டரு எத்தினி நாளு சொல்லிக்கிறாரு?" என்றாள். நோயைவிட அந்த வாய்கள்தான் எனக்கு அதிகம் குமட்டின. டீ கூடப் போட்டுக் கொடுக்காமல் அனுப்பினேன்.

ஆபரேஷனோடு முடியவில்லை. மிச்சம் மீதி செல்களைக் கொல்லக் கதிர் அயோடின் என்று ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். தைராய்டு செல் உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் இந்த மருந்து தேடிப் போய் அங்கே தங்கும். தங்கின இடத்தில் கதிர் அடித்து அதைக் கொல்லும். பிறகு ஸ்கேன் எடுத்தால், மருந்து தங்கின இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். மாத்திரைக்கு முன்பு இரண்டு வாரம் கடலிலிருந்து வருவது எதையும் வாயில் வைக்கக் கூடாது. மீன், நண்டு, கருவாடு, கடல் உப்பு எதுவும் கூடாது. கடற்காரனுக்கு இதைவிடத் தண்டனை வேறு இல்லை. சுற்றிலும் கருவாடு காய்கிற வாசனையில் உட்கார்ந்து, அவர் சப்பென்ற சோற்றைப் பிசைவார். எனக்கே பாவமாக இருந்தது.

மாசியில் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நாள் தனி அறை. கனமான கதவு, உள்ளே கேமரா, யாரும் பக்கத்தில் போக முடியாது. கதவை அடைக்கும் முன் நர்ஸ் எங்கள் இருவருக்கும் விதிகளைச் சொன்னார். மருந்து வியர்வையிலும் சிறுநீரிலும் எச்சிலிலும் வெளியே வரும். அதனால் கண்ட இடத்தில் துப்பக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மறுநாளிலிருந்து புளிப்பு மிட்டாய் கொடுப்போம், எச்சில் ஊறும், அதை விழுங்கிவிட வேண்டும். இவர் தலையைத் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை குளிக்கச் சொல்லி, ஆஸ்பத்திரி சட்டை கொடுத்து, ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். மனித உருவம் மங்கலாகத் தெரிந்தது. கழுத்தில் ஒரு கறுப்பு. அது எதிர்பார்த்ததுதான் என்றார். பிறகு இடது நெஞ்சில் இன்னொரு கறுப்பைத் தொட்டார்.

"இது நான் எதிர்பார்க்கல. விலா எலும்பா இருக்கலாம், நுரையீரலா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு ஸ்கேன் எடுத்தாதான் சொல்ல முடியும். மெஷின் திங்கக்கிழமைதான் கிடைக்கும். கண்டிப்பா வந்துடுங்க."

டாக்டரம்மா சொன்ன மூன்றில் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது நுரையீரல் ஒன்றுதான்.

உடனே குப்பத்துக்குப் போக முடியாது. எங்கள் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, தலைப் பிரசவத்துக்கு எங்களோடுதான் இருந்தாள். கொஞ்ச நாளைக்கு இவர் அவள் பக்கத்தில் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அனுப்பம்பட்டில் என் நாத்தனார் வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளேயே கக்கூஸ் உண்டு. அதற்காகவே சாவி வாங்கி வைத்திருந்தேன். அவரை உள் அறையில் விட்டேன். நான் கூடத்தில் இருந்தேன். தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனி. மகள் ஃபோனில், "நைனாவுக்கு எப்பிடி கீது?" என்று கேட்டாள். நல்லா இருக்குது என்று பொய் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவர் அறையிலிருந்தே சொன்னார்.

"திங்கக்கிழம நான் வரலம்மே."

"ஏன்யா?"

"நெஞ்சுக்கு வந்துட்ச்சி. இனி இன்னாத்துக்கு ஸ்கேனு? புள்ள பொறக்கற வரைக்கும் எங்கனா இருந்துக்கறேன். அப்பால கடலுக்குப் போறேன். போட்டுலயே போவட்டும் உசுரு."

கெஞ்சினேன், திட்டினேன், மகள் பெயரைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடற்காரர்களின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். காற்று மாறினாலும் அவர்கள் மாற மாட்டார்கள்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். ஆனால் இதைச் சொல்லாவிட்டால் இந்த அனுபவத்தைச் சொல்லியே பயனில்லை. அப்படி அவர் சுருண்டு கிடந்தபோதும் எனக்கு அவர்மேல் அருவருப்பு போகவில்லை. சாப்பிட்ட தட்டை எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கையுறை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சாகப்போகிறேன் என்று கிடக்கிற புருஷனைப் பார்த்து ஒருத்திக்குக் குமட்டினால் அவள் என்ன பெண்சாதி? என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

அடுப்படியில் நின்று எங்கள் குப்பத்துக் கங்கையம்மனைக் கூப்பிட்டேன். படம் இல்லை, விளக்கு இல்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த குங்குமம் மட்டும்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இரண்டு வேண்டுதல் வைத்தேன். தாயே, அந்த நெஞ்சில் இருக்கிற கறுப்பு நோயாக இருக்கக் கூடாது. தாயே, என் மனசில் இருக்கிற இந்த அருவருப்பை எடுத்துவிடு, அவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். ரொம்ப நேரம் நின்றேன். அம்மன் பதில் சொன்ன மாதிரி ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் துணிகளைத் தனியாகத் துவைக்கலாம் என்று, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்தேன். திறந்ததும் அடித்தது ஒரு நாற்றம். என் அருவருப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை என்று அப்போது தெரிந்தது. எத்தனை வருஷ நாற்றம் அது, தூக்கத்தில் காட்டினாலும் சொல்லிவிடுவேன். கையுறை போட்ட விரலால் கிளறினேன். அடியில் பழைய துண்டின் பாதி ஒன்று, செங்காவி நிறத்தில் விறைத்துப்போய், நடுவில் இன்னும் ஈரமாக இருந்தது. அதை ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு போய் அவர் அறை வாசலில் நின்றேன்.

"இன்னாய்யா இது?"

சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"உன்னத்தான் கேக்கறேன். அந்த ரூமுல மாவா போட்டியா?"

"மூணே பொட்டலம்மே. லுங்கி மடிப்புல வெச்சினு போனேன். உப்பில்ல, மீனில்ல, நாக்கு செத்துப் பூட்ச்சி. அந்தப் புளிப்பு முட்டாயி வேற. வாயில எச்சி நிக்கவே இல்ல."

"துப்பக் கூடாதுனு சொன்னாங்களா இல்லியா?"

"கீழ துப்பல. மேல கேமரா கீது. துணியில துப்பித் துப்பி சட்டைக்குள்ள சொருவிக்கினேன்."

"சட்டைக்குள்ள எங்க?"

அவர் கையை எடுத்து இடது நெஞ்சில் வைத்தார்.

எச்சிலில் மருந்து வரும் என்று நர்ஸ் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

"ஸ்கேனு எடுக்கச்சொல்ல இது எங்க இருந்துச்சு?"

"அங்கதான். வேற எங்க போடறது? குளிக்கச்சொல்லக் கூட கழட்டி ஓரமா வெச்சிட்டு மறுபடி சொருவிக்கினேன்."

குச்சியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். திட்டத் தோன்றவில்லை. நான் நினைத்ததைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது எழுந்து உட்கார்ந்து தன் நெஞ்சைத் தானே பார்த்துக்கொண்டார்.

"அது நோவா, உன் எச்சியானு நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்யா," என்றேன். "வரமாட்டேன்னு மட்டும் சொல்லாத."

"வரேன்மே," என்றார்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் முதல் ரயிலில் போனோம். அவர் கூட்டமில்லாத பெட்டியில் கதவோரம் தனியாக நின்றார். நான் அந்தத் துணியை மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனேன். அப்படியெல்லாம் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, யாரும் செய்யாதீர்கள். நர்ஸ் என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே கதிரை அளக்கிற ஒரு மீட்டரைக் கொண்டுவந்து கவருக்குப் பக்கத்தில் நீட்டினார். அது விடாமல் கத்தியது. என்ன இது என்று கேட்டார். மாவா எச்சில் என்றேன். இரண்டு அடி பின்னால் போனார். அந்த முகத்தைப் பார்த்ததும், உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் இப்படி இல்லை என்று ஆறுதலாக இருந்தது.

அவரைச் சோப்புப் போட்டு நெஞ்சு, கை, நகம் எல்லாம் தேய்த்துக் குளிக்க வைத்தார்கள். பக்கத்திலேயே நின்று, துவைத்த வேறு சட்டையைப் போட வைத்தார்கள். பிறகு மறுபடியும் ஸ்கேன். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மன் பெயரைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. டாக்டரம்மா கூப்பிட்டார். படத்தில் கழுத்துக் கறுப்பு அப்படியே இருந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனிலும் எலும்பு, நுரையீரல் எல்லாம் சுத்தம்.

"நெஞ்சுக்குப் பரவலம்மா. நீங்க கொண்டுவந்தீங்களே, அந்தத் துணிதான் தெரிஞ்சிருக்கு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தத் துணியைக் கதிர் அடங்கும் வரை ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். இவர் எச்சிலுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்தும் எனக்குக் குமட்டத்தான் செய்தது.

சித்திரையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் அவர் தாராளமாகத் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆவணியில் மறுபடி சோதித்தபோது கழுத்தும் சுத்தமாக இருந்தது. வருஷா வருஷம் போய்க் காட்ட வேண்டும், காட்டுவோம். மாவாவை விட்டுவிட்டார். நடுவில் ஒரு தடவை திருட்டுத்தனமாகப் போட்டார். வாசலில் வரும்போதே கண்டுபிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு இல்லை.

ஆடியில் கூழ் ஊற்றும்போது, அம்மன் குங்குமம் பட்டதும் நெஞ்சில் இருந்த கட்டி கரைந்தது என்று குப்பத்தில் சிலர் கதை கட்டினார்கள். நான் எல்லோர் முன்னாலும் மறுத்தேன். நெஞ்சில் கட்டியே இல்லை. இல்லாததைக் கரைக்க அம்மனுக்கு என்ன வேலை? துணி கிடைக்காமல் போயிருந்தாலும், நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று திங்கட்கிழமை மெஷினே காட்டியிருக்கும் என்று டாக்டரம்மாவும் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்த மெஷினுக்குக் கீழே படுக்க இவர் போயிருக்க வேண்டுமே. போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துக் கிடந்தவரை எழுப்பியது எது என்று எனக்குத் தெரியும்.

அதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்மனிடம் கேளுங்கள், அழுது கேளுங்கள். கேட்டதில் ஒன்றைக் கொடுக்காமல் விட்டால், காது கேட்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அந்தச் சனிக்கிழமை நான் வைத்த இரண்டாவது வேண்டுதலை அவள் நிறைவேற்றியிருந்தால், மறுநாள் அந்தத் துணியை முகம் சுளிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், நல்ல பெண்சாதியாகத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருப்பேன்.