காலியாகத் திரும்பாத தட்டுகள்

2017 செப்டம்பர் 24. வந்தது: வட்ட ரொட்டி இரண்டு. சுமார் 600 யென்.
செப்டம்பர் 26. போனது: தேயிலைப் பொட்டலம். 300 யென்.
செப்டம்பர் 27. வந்தது: கேரட்டும் ஆட்டுக்கறியும் போட்ட சோறு, பெரிய தட்டு. 1,200 யென்.
செப்டம்பர் 30. போனது: சோப்புப் பெட்டி. 600 யென்.
அக்டோபர் 1. வந்தது: பாதாம், உலர்திராட்சை. 2,400 யென்.
அக்டோபர் 4. போனது: பேரிக்காய் ஆறு. 1,200 யென்.
அக்டோபர் 5. வந்தது: முழுக் கோழி, பொரித்தது.

கோழிக்கு நான் விலை எழுதவில்லை. அன்று பொறுமை போய்விட்டது.

இது என் வீட்டுக்கு வந்துபோனது மட்டும். குராயோஷியில் ஆற்றை ஒட்டிய எங்கள் வரிசையில் நான்கு வீடுகள். முதல் வீடு கதோவாக்கி அம்மாளுடையது. அடுத்தது என்னுடையது. மூன்றாவதில் இகுதா, கடையை மூடிவிட்ட முடிதிருத்துநர். கடைசி வீடுதான் திலோரம் வாடகைக்கு வந்த வீடு. உஸ்பெகிஸ்தான்காரி, முப்பத்து நான்கு வயது, முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கணவர் படிக்க வந்தவர். படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். இவள் மகள் நிகோராவோடு இங்கேயே இருந்துவிட்டாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இங்கே இல்லை.

அந்த வீடு அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் பெயரைக் கேட்டதுமே, "மன்னிக்கணும், இப்பத்தான் வேறொருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்று ஒன்பது இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். பத்தாவதாக வீடு கொடுத்தவர் மட்சுவேயில் மகனோடு இருக்கும் ஹொசுமி அம்மாள். அவரும் ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு வருடத்துக்குத்தான் ஒப்பந்தம். அது முடியும்போது, இவளால் எந்தச் சிரமமும் இல்லை என்று மற்ற மூன்று வீட்டாரும் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையை வைத்துக் கொடுத்தால்தான் மறுபடி ஒப்பந்தம். வேலைக்கு நடந்துபோகும் தூரம், வீட்டுக்குப் பின்னாலேயே மகளின் பள்ளிக்கூடம். அந்த வீடு போனால் இரண்டும் போகும்.

சிரமம் இல்லை என்று எப்படி எழுதுவது? சிரமம்தான் தினமும் தட்டில் வைத்து வந்துகொண்டிருந்ததே.

எங்களுக்கு ஒரு பொருள் வந்தால் அதில் பாதி மதிப்புக்கு ஏதாவது திருப்பிக் கொடுத்துவிடுவோம். கல்யாணமோ சாவோ பக்கத்து வீட்டுக் கத்தரிக்காயோ, அதோடு விஷயம் முடிந்தது. வாங்கினவரும் நிம்மதியாகத் தூங்கலாம், கொடுத்தவரும் நிம்மதியாகத் தூங்கலாம். திலோரத்திடம் மட்டும் அது முடியவே இல்லை. நாங்கள் பாதியைக் கொடுத்தால், அவள் தான் முன்பு கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு கொண்டுவந்தாள். அந்த இரண்டு மடங்கில் பாதியை நாங்கள் கொடுத்தால் மறுநாளே மறுபடி கதவு தட்டும் சத்தம்.

முதல் மழைக்காலத்திலேயே கதோவாக்கி அம்மாள் கையில் ஒரு பாத்திரத்தோடு என் வாசலில் நின்றார்.

"உசாமி, இதப் பாருங்க. ஏழு பேர் சாப்பிடுற சூப்பு. நான் ஒரு கிண்ணம் குடிச்சாலே ராத்திரி முழுக்க எழுந்திருக்கணும்."

"எனக்கும் வந்திருக்கு."

"உங்களுக்கும் வந்திருக்குன்னு தெரியும். அதனாலதான் வேற யார்கிட்டயும் தள்ள முடியாம இங்க நிக்கிறேன். இதுக்கு என்ன விலை போடுறது சொல்லுங்க."

"எலும்பு நிறைய இருந்துதா?"

"மாட்டோட பாதி இருந்துது!"

ஆயிரத்து எண்ணூறு என்று முடிவு செய்தோம். தொள்ளாயிரத்துக்கு அவர் துண்டு வாங்கிக் கொடுத்தார். அந்தத் துண்டுக்கு ஒரு கேக் வந்தது.

இகுதாவின் வழி வேறு. வாசலில் காலடி கேட்டாலே தொலைக்காட்சியை அணைத்து, விளக்கை அணைத்து, தரையில் படுத்துவிடுவார். கதவு திறக்காததால் திலோரம் பொட்டலத்தைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவாள். தட்டையும் சேர்த்துத்தான். தட்டு இருந்தால் அதைத் திருப்ப வேண்டும். திருப்புகிற தட்டில் ஏதாவது வைக்க வேண்டும். "இந்த வயசுல என்னைத் தரையில உருள வைக்கிறாளே!" என்று என்னிடம் கத்தினார். அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளைப் பார்த்தால் இடுப்பு வரை குனிந்து, "எப்பவும் ரொம்ப நன்றிங்க" என்பார். எனக்கு அவள் மேல் வந்த எரிச்சலைவிட அவர் மேல் வந்த எரிச்சல் அதிகம்.

2019 ஜூன் மாதம் ஹொசுமி அம்மாளின் கடிதம் வந்தது. செப்டம்பரில் ஒப்பந்தம் முடிகிறது, இந்த மாதத்துக்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று. அந்த வருடம் வரிசைப் பொறுப்பு என்னுடையது. இருவரையும் என் வீட்டுக்கு அழைத்தேன்.

"நல்ல பொண்ணு. குப்பையைச் சரியாப் பிரிச்சுப் போடுறா. சாக்கடை வாரும்போது ஆம்பளைங்களைவிட நல்லா வாருறா" என்றார் கதோவாக்கி அம்மாள்.

"அப்ப முத்திரை வச்சுடலாமா?"

யாரும் முத்திரையை எடுக்கவில்லை.

"எனக்கு அவ மேல கோவமே இல்ல. ஆனா வச்சா இன்னும் ரெண்டு வருஷம். என் பென்ஷன் தாங்காது. போன மாசம் மட்டும் சோப்பு, சாக்லேட், நண்டு. நண்டு! எனக்கே நண்டு வாங்கிச் சாப்பிட வக்கில்ல" என்றார் இகுதா.

"நண்டு யாரு வாங்கச் சொன்னா? பிஸ்கட் குடுக்க வேண்டியதுதான?" என்றார் கதோவாக்கி அம்மாள்.

"முழு ஆட்டுத் தொடை வந்திருக்கு. பிஸ்கட் குடுத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

"அப்ப அவகிட்ட நேராச் சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்களேன், பெரியவங்க."

"நான் பொம்பள. உசாமிதான் பொறுப்பு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். கட்டணம் கட்டாதவர்களிடம் போய் அதைச் சொல்கிற வேலையும் செய்திருக்கிறேன். அது சுலபம். அவர்கள் தப்பு செய்தவர்கள்.

மறுநாள் திலோரம் வீட்டு வாசலில் நின்று, எங்கள் வழக்கப்படி சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"இப்ப வேலை அதிகமா இருக்குமே உனக்கு?"

"இருக்குங்க ஐயா."

"சமைக்கிறதெல்லாம் ரொம்பக் களைப்பா இருக்கும்."

"பழகிடுச்சு."

"எங்களுக்கும் வயசாயிடுச்சு. முன்ன மாதிரி சாப்பிட முடியறதில்ல. மூணு பேருக்குமே வயிறு சுருங்கிப்போச்சு. அதனால..." என்று இழுத்து நிறுத்தினேன். எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் சொல்ல மாட்டார்கள். இதற்கு மேல் கேட்கவும் மாட்டார்கள்.

அவள் முகத்தில் கவலை வந்தது. தலையை ஆட்டினாள். புரிந்துகொண்டாள் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மாலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவள்தான். கையில் மூடிய பாத்திரம்.

"வயித்துக்கு நல்லதுங்க ஐயா. அரிசியும் தயிரும் போட்ட கஞ்சி. மத்த ரெண்டு பேருக்கும் குடுத்துட்டேன். எங்க இல்லத்துல வயிறு சரியில்லாதவங்களுக்கு இதைத்தான் தருவோம்."

என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். "இதை இனிமே கொண்டுவராத! இதுக்கு நாங்க திருப்பிக் குடுக்கணும், நீ அதுக்கு மேல குடுப்ப, நாங்க அதுக்கும் குடுக்கணும்! எங்களால முடியல! உனக்கு இந்த வீடு வேணும்னா இதை நிறுத்து!"

பாத்திரத்தை வாசல்படியில் வைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்தாள்.

"நான் நிறுத்தணுமா? நீங்க நிறுத்த வேண்டியதுதான!"

"நாங்களா?"

"முதல்ல ரொட்டி குடுத்தேன். புதுசா வந்தா குடுக்கணும்னு இல்லத்துல சொன்னாங்க, குடுத்தேன். அதோட விட்டிருக்கலாமில்ல? நீங்க தட்டுல தேயிலை வச்சுத் திருப்பினீங்க. எங்க ஊர்ல பக்கத்து வீட்டுத் தட்டைக் காலியாத் திருப்பினா, இனிமே வராதேன்னு அர்த்தம். தட்டு நிறைஞ்சு வந்தா, நம்மைத் தேடுறாங்க, இன்னும் நல்லதாக் குடுக்கணும்னு அர்த்தம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாவு பிசையறேன் ஐயா! காலையில அஞ்சு மணிக்கு வேலை! இந்தக் கிழங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தலையேன்னு என் பொண்ணுகிட்டயே திட்டியிருக்கேன்!"

"கிழங்களா?"

"ஆமா. சோப்பு வேற. முப்பத்தோரு சோப்புப் பெட்டி இருக்கு வீட்டுல. நாங்க ரெண்டு பேர். எத்தனை தடவை குளிக்கிறது?"

இரண்டு வருடமாக நாங்கள் மட்டும்தான் இழுபட்டுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். இப்போது எதிர்ப்பக்கமும் அதே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கோபம் போகவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"சரி, நீ நிறுத்து. நாங்களும் நிறுத்துறோம்."

"உங்க வீட்டுல என் தட்டு நாலு இருக்கு. அதைக் காலியாத் திருப்பினா என்னை வராதேன்னு சொன்ன மாதிரி. எதையாவது வச்சுத் திருப்பினா நான் சமைக்கணும்."

"தட்டு எங்ககிட்டயே இருக்கட்டும்."

"அது திருட்டு!"

கடைசியில், நாங்கள் தட்டுகளைக் காலியாகத் திருப்ப வேண்டாம், அவளே வந்து அள்ளிக்கொண்டு போவாள் என்று பேசி முடித்தோம். அவள் எடுத்துக்கொண்டால் நாங்கள் திருப்பியதாக ஆகாது. எனக்கு இது அபத்தமாகப்பட்டது. ஆனால் அவளுக்கும் சரி, எங்களுக்கும் சரி, வேறு வழியில்லை.

கதோவாக்கி அம்மாள் கெடுத்தார். நான் கத்திய சேதி காதில் விழுந்ததும், "பாவம், அந்தப் பொண்ணு மனசு நோகுமே" என்று மறுநாளே முலாம்பழம் ஒன்றை வாங்கி, காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி அவள் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நாலாயிரம் யென் பழம். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று மாலை திலோரம் அந்தப் பழத்தோடும் ஒரு கத்தியோடும் மகளோடும் கதோவாக்கி அம்மாள் வீட்டுக்குள் போனாள். எட்டிப் பார்த்தேன். நடு அறையில் உட்கார்ந்து பழத்தைப் பிளந்து, பாதியை அம்மாள் முன்னால் வைத்தாள். "இங்கயே சாப்பிடுவோம். அப்ப யாரும் யாருக்கும் எதுவும் கொண்டுபோக வேண்டாம்" என்றாள். அம்மாள் என்னை ஜாடையாகக் கூப்பிட்டு, "இது வந்ததா போனதா? எந்தப் பக்கம் எழுதுறது?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கமும் வேண்டாம், சாப்பிடுங்க" என்றேன்.

அன்றிரவே அவர் முத்திரை வைத்தார். நானும் வைத்தேன். இகுதா வைக்கவில்லை. "வாயால சொல்லிட்டா ஆச்சா? நாளைக்கு மறுபடி தொடைக்கறி வரும்" என்றார். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அதற்குள் கடிதம் மட்சுவே போய்ச்சேர வேண்டும். விஷயத்தை நான் திலோரத்திடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் நேராக இகுதா வீட்டு மணியை அடித்தாள். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. விளக்கு அணைந்தது.

"இகுதா ஐயா! நீங்க உள்ளதான் இருக்கீங்க!"

மணியை மறுபடி அடித்தாள்.

"தரையில படுத்திருக்கீங்க! எனக்குத் தெரியும்! ரெண்டு வருஷமாத் தெரியும்!" இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தினாள். "கையில ஒண்ணுமில்ல! ஒண்ணுமே கொண்டுவரல! கதவத் திறங்க!"

எதிர்த்தெருக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். இந்த ஊரில் யாரும் யார் வாசலிலும் கத்துவதில்லை. நான் என் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெல்லக் கதவு திறந்தது. இகுதாவின் ஒரு கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. அவளுடைய வெறும் கைகளை உற்றுப் பார்த்தார்.

"நிஜமாவே ஒண்ணுமில்லயா?"

"ஒண்ணுமில்ல."

"பையில?"

அவள் மேலங்கியின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். அவர் உள்ளே போய் முத்திரையை எடுத்து வந்து, வாசலில் நின்றபடியே வைத்தார்.

"உட்காரச் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னா டீ குடுக்கணும்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, வா. முடி கன்னாபின்னான்னு கிடக்கு. நுனியை வெட்டி விடுறேன். இதுக்கு ஒண்ணும் தரக்கூடாது" என்றார்.

கடிதம் போனது. ஹொசுமி அம்மாள் உடனே பதில் போடவில்லை. ஜூலையில் ஒரு வரி வந்தது: மகன் வீட்டை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்கிறான், பொறுத்திருங்கள். திலோரம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் என் வாசலில் நின்று, "வந்துதா?" என்பாள். இல்லை என்று நான் தலையை அசைப்பேன். மூன்று பேர் முத்திரையை வாங்கிக்கொண்டு பதில் போடாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். முன்பின் பார்த்திராத அந்த மகனை இகுதா தினமும் திட்டினார். வெறும் கையோடு மாலையில் மூவர் வீட்டுக்கும் மாறி மாறி வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது திலோரத்துக்குப் பழக்கமாகிவிட்டது. அதுவும் தொல்லைதான். ஒன்பது மணி வரை போக மாட்டாள்.

மகனிடம் பேசி முடித்துவிட்டதாகவும், இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாகவும் ஹொசுமி அம்மாள் எழுதிய கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 2019 ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை.