அருணகிரியின் வரிசை

"இன்னாய்யா, நேத்தும் நீதானே பின்பலகைல குந்தினே? எய்ந்திரு. இன்னிக்குப் பச்சையம்மா மொறை" என்று அருணகிரி சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் எழுந்துவிடுகிறார். குப்பத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற படகில் தண்ணீர் தெறிக்காத பலகை அது ஒன்றுதான். மீன் கூடையோடு பச்சையம்மா அதில் உட்காருகிறாள். எதிர்த்துப் பேச ஆளில்லை. பேசினால், போன அமாவாசைக்கு மறுநாள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து அருணகிரி ஆரம்பிப்பார். அதைக் கேட்பதற்கு நனைந்துகொண்டு போவதே மேல்.

ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சிலவே. அவற்றுக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு ஒருவன் அங்கே வலை கட்டினால் நாளைக்கு அடுத்தவன் கட்ட வேண்டும். புதிதாகச் சேருகிறவன் சுமாரான இடத்தில் தொடங்குவான். சுற்று அவனை நல்ல இடத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். கெட்டிக்காரன், சோம்பேறி, பணக்காரன், பஞ்சை யாரானாலும் இதுதான் சட்டம். அந்தச் சுற்றை மனத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அருணகிரியின் பொறுப்பு.

பொறுப்பு ஏரியோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். சவரம் செய்கிறவர் குப்பத்துக்கு வந்தால் எந்தத் தலை முதலில், தெருக்கூத்து நடந்தால் எந்தக் குடும்பம் முன்னால் பாய் விரிக்கலாம் என்பதெல்லாம் அவர் வாக்குப்படிதான். சொந்த வீட்டில் தீய்ந்துபோன அடிச்சோறு இன்று யாருக்கு என்பதற்கும் முறை உண்டு. நியாயமாகச் சொல்ல வேண்டும்: தன் முறை வருகிற நாளில் அதை அவரே முகம் சுளிக்காமல் தின்கிறார். அதனால்தான் இன்றுவரை அவரை யாரும் ஏரியில் தள்ளவில்லை.

அவர் மகள் செண்பகம் போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். குப்பத்தில் ஒரு பெண் தேறியது அதுவே முதல் தடவை. மதிப்பெண்ணும் வாத்தியார் மகனைத் தாண்டி வந்துவிட்டது. அதற்காக வாத்தியார் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. குப்பத்தில் பிரசவ வலி கண்டால் படகில்தான் ஏற்றுவார்கள். காற்று மனசு வைத்தால் பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறக்கும், இல்லாவிட்டால் ஏரியில். செண்பகமே ஏரியில் பிறந்தவள்தான்.

டாக்டராக வேண்டுமானால் பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பில் சயன்ஸ் குரூப் கிடைக்க வேண்டும். கல்லூரியில் சேரப் புறப்பட்ட அன்று இதை அவள் பொன்னேரி ஸ்டேஷனில் ஒரு தடவையும் ரயிலில் ஒரு தடவையும் தகப்பனுக்குச் சொன்னாள். அருணகிரி தலையாட்டினார். காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம். மீஞ்சூர் தாண்டியும் ஜன்னலோரத்தில் ஒரே ஆள் உட்கார்ந்திருந்த அநியாயம் அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது.

பட்டணத்தில் பெண்கள் கல்லூரிக்குள் நுழைந்ததும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. படித்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பக்கத்துக் கதவு வழியாகச் சிபாரிசுக் கடிதங்கள் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அதை அவர் பார்க்கவில்லை. வரிசையின் அழகில் மயங்கியிருந்தார். பின்னால் ஒரு வக்கீல் தம் பெண்ணோடு நின்றிருந்தார். "என் மூத்த பொண்ணும் இங்கதான் படிச்சா. இவளுக்கும் சயன்ஸ்தான் கேக்கணும். கெடைக்குமோ என்னவோ" என்று கவலைப்பட்டார்.

ஜன்னலில் குமாஸ்தா நிமிராமலே, "சயன்ஸுல கொஞ்ச எடம்தான் கீது. இன்னா குரூப்பு, சட்டுனு சொல்லு" என்றார்.

செண்பகம் வாயைத் திறப்பதற்குள் அருணகிரி முந்திக்கொண்டார். "கொஞ்சம்தானா? அப்ப அது இவுங்களுக்குப் போவட்டும். மூத்த பொண்ணு காலத்துலேந்து கீறவங்க. நாங்க புதுசு. வந்த அன்னிக்கே நல்ல எடமாப் புடிச்சிக்கினா நாயமா? மிச்சம் இன்னா கீதோ அதைக் குடு. அடுத்த வருசம் மொறை மாறி சயன்ஸு எங்களாண்ட வந்துடும்."

"நைனா" என்று செண்பகம் ஆரம்பித்தாள்.

"சும்மா இரு. பெரியவங்க பேசிக்கினு கீறோம்."

சந்தேகம் கேட்பது குமாஸ்தாவின் உத்தியோகத்தில் சேர்ந்ததல்ல. சரித்திரம் என்று எழுதினார். வக்கீல் அருணகிரியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பெரிய மனுஷன்யா நீர்" என்றார். உண்மையைச் சொல்ல அந்தப் படித்த வாய்க்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என்ன செய்வது, அவர் மகளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

வேப்பமரத்தடிக்கு வந்ததும் செண்பகம் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தகப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நைனா, இங்க மொறை மாறாது. இன்னிக்கு எய்தினதுதான் கடேசி வரிக்கும். சரித்திரம் எடுத்தவ டாக்டராவ முடியாது."

"ஒரு தபா நல்ல எடம் புடிச்சவன் புட்ச்சிக்கினே இருப்பானா?"

"ஆமா."

"வேற யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அருணகிரிக்கு அப்போதுதான் விளங்கியது. மகள் படிப்பைத் தன் வாயாலேயே தானம் பண்ணிவிட்டு, கைகுலுக்கலும் வாங்கி வந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தார். வரிசை வளர்ந்து வாசல் கேட்டைத் தொட்டிருந்தது. அதன் வாலில் போய் நின்றால் சயன்ஸ் இருக்காது. அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். முழங்கையை முன்னால் விட்டு, ஜன்னலுக்கு நேராக வரிசைக்குள் புகுந்தார்.

"யோவ், வரிசைன்னு ஒண்ணு கீதே, கண்ணு தெர்ல?" என்றார் குடை வைத்திருந்த ஒருவர்.

வாழ்நாள் முழுக்க அருணகிரி ஊருக்குச் சொன்னது அது. இப்போது காதால் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார். பிடித்த ஜன்னல் கம்பியை மட்டும் விடவில்லை.

"சார், பொண்ணு சயன்ஸுதான் கேக்க வந்துச்சி. நான்தான் வாயப் பொத்திட்டேன். மாத்திக் குடு சார்."

"அடிச்சி எழுதறது பேஜாரு புடிச்ச வேலைய்யா" என்று அலுத்துக்கொண்ட குமாஸ்தா, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்தார். "இம்மாம் மார்க்க வச்சிக்கினு இன்னாத்துக்கும்மா சரித்திரம் கேட்டே?" என்று குற்றத்தை அவள் தலையில் கட்டிவிட்டு, அடித்து எழுதினார்.

ரசீதோடு திரும்பிய செண்பகம் தகப்பனைக் காணாமல் தேடினாள். மரத்தடியில் இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசி ஆளாக நின்றிருந்தார்.

"நைனா, அதான் கெடச்சிடுச்சே. வா, ரயிலு பூடும்."

"நீ போய் நெழல்ல குந்து. நான் குறுக்கால பூந்தவன். மொறை பாக்கி கீது."

வரிசை நகர்ந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அருணகிரி ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார்.