ஏகாதசியன்று ஜிம்முக்குப் போனவர்

என் வீட்டுக்காரருக்கு எதையும் அளவாகச் செய்ய வராது. சாத்தமுதில், அதாவது ரசத்தில், உப்புக் கொஞ்சம் குறைந்தால் கை நிறைய அள்ளிப் போடுகிற ரகம். இரண்டு வருடம் முன்பு அவர் உடற்பயிற்சி செய்யக் கிளம்பினார் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அப்பா ஐம்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். இவருக்கு ஐம்பத்தைந்து பிறந்ததும் ரத்தக்கொதிப்பு எட்டிப் பார்த்தது. காவிரிக்கு அக்கரையில் தில்லை நகரில் ஒரு ஜிம்மில் சேர்ந்து, பளபளவென்று ஒரு டிராயரும் ஷூவும் வாங்கிக்கொண்டு வந்தார். நெற்றியில் திருமண், இடுப்பில் அந்த டிராயர்.

"இந்தக் கோலத்துல போய் நின்னா பெருமாளே யாருன்னு ஒரு நிமிஷம் யோசிப்பார்" என்றேன். அவர் ஷூ கயிற்றைக் கட்டுவதிலேயே கவனமாக இருந்தார்.

பிறகு செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். மூச்சு முட்ட ஓடினால் உடம்புக்குள் இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி ஏதோ நடக்குமாம். ரத்தக்குழாயின் உள்சுவர் கெடுமாம். ஓடாமலும் இருக்க முடியாது, துருவும் பிடிக்கக் கூடாது. அதனால் டப்பா டப்பாவாக வைட்டமின் மாத்திரை வாங்கி, நெல்லிக்காய்ச் சாற்றோடு விழுங்கினார்.

"ஒரு கையால அடுப்பை மூட்டி இன்னொரு கையால தண்ணி ஊத்தறேளே, ஏன்னா!"

"உனக்கு சயன்ஸ் புரியாது" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள்.

இந்த லட்சணத்தில் ஏகாதசி வந்தது. அவருக்கு அன்று பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாத உபவாசம். உபவாசமும் உடம்புக்கு நல்லது, ஓட்டமும் நல்லது, ஒரே நாளில் இரண்டையும் செய்தால் இரட்டிப்பு நல்லது என்று நினைத்திருக்கிறார். டிரெட்மில்லில் முழு வேகத்தில் ஓடி, கண் இருட்டி, கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குப் போன் வந்தது. ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டுகிற வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஐம்பத்தாறு கூட ஆகவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஜிம்முக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்திருந்தார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. டாக்டரம்மா இவர் பையிலிருந்த மாத்திரை டப்பாக்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"வேகமா ஓடறப்போ அந்தத் துரு மாதிரி விஷயம் கொஞ்சம் உண்டாகத்தாங்க செய்யும். ரத்தக்குழாயும் அந்த நேரத்துக்குத் திணறும். அதைச் சமாளிச்சுத்தான் உடம்பு தன்னைப் பலப்படுத்திக்கும், குழாயும் நல்லா விரிஞ்சு கொடுக்கப் பழகும். நீங்க மாத்திரையக் கொட்டினா உடம்பு எதுக்குங்க மெனக்கெடணும்? அதுக்காக சாப்பாடு, தண்ணி, ஓய்வு எதுவும் இல்லாம தினம் ஓடினா பழுது பார்க்க நேரமே கிடைக்காது. ஏகாதசி இருக்கறவங்க, மறுநாள் பாரணைய விட்டுடுவீங்களா?"

"அதெப்படி விடறது?" என்று பதறினார் இவர். விரதம் முடிக்கிற சாப்பாட்டை விடுவதா!

"ஓட்டத்துக்கும் அது வேணுங்க" என்றார் டாக்டரம்மா.

அதன் பிறகு ஒரு நாள் வேக ஓட்டம், மறுநாள் வெறும் நடை. வைட்டமின் டப்பாக்கள் போயின, பிரஷர் மாத்திரை மட்டும் தங்கியது. ஓய்வெடுக்கச் சொன்ன நாட்களில் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக அலைந்து என் உயிரை வாங்கினார். ஓய்வையும் ஓடி ஓடித்தான் எடுப்பார் போலிருக்கிறது.

ஐம்பத்தாறும் பிறந்தது. அப்பா போன வயதை இவர் தாண்டப்போகும் நாளை நாங்கள் இருவருமே மனசுக்குள் குறித்து வைத்திருந்தோம். அன்று நன்றாக விடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை கேலி பேசிய நான் மெல்லப் போய் அவர் மார்பில் கையை வைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கேன்டி. போய் காபி கல" என்றார்.