பாதித் தண்ணீர்ப் பெட்டி

சனிக்கிழமை விடிந்ததும் இகராஷி தூண்டிலையும் ஐஸ் பெட்டியையும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஜப்பானின் நீகாத்தா நகரில் அவர் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் கடல். அவர் வலப்பக்கம் திரும்பி, பேருந்து பிடித்து, பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடுவார். அங்கே ஜன்னல் திரையை இழுத்துவிட்ட ஓர் அறையில், நுழைவுத் தேர்வின் கணக்குக் கேள்விகளைத் தயாரிக்க நாங்கள் சில பேர் உட்கார்ந்திருப்போம். தூண்டில் மூலையில் சாய்ந்திருக்கும்.

கேள்வி தயாரிப்பவர் யார் என்பது வெளியே தெரியக் கூடாது. வீட்டிலும் சொல்லக் கூடாது. மற்றவர்களான நாங்கள் மீட்டிங் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவோம். இகராஷிக்குப் பொய் என்றாலும் அதில் ஓட்டை இருக்கக் கூடாது. அதனால் திரும்பும்போது சந்தையில் மீன் வாங்கிப் போவார். ஒருமுறை அவசரத்தில் துண்டு போட்ட மீனையே வாங்கிப் போய்விட்டார். மனைவி கஸுயோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

“இப்பல்லாம் உங்க தூண்டில்ல வெட்டின மீனே மாட்டுது போல. அடுத்த வாரம் பொரிச்சதா மாட்டுச்சுன்னா எனக்கு வேலை மிச்சம்.”

“இன்னைக்கு அலை ஜாஸ்தி” என்றாராம் இவர். இதை எங்களிடம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பதில் பொருத்தமாக இருந்தது என்றே நினைத்திருந்தார்.

குழுவில் அவர் ஒரு தொல்லை. ஒவ்வொரு கேள்வியையும் தாமே தேர்வு எழுதுவதுபோல் போட்டுப் பார்ப்பார். அதற்கு ஹீட்டரை நிறுத்தச் சொல்வார். பிப்ரவரிப் பனியில் வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு விரல் விறைத்திருக்கும். சூடான அறையில் ஒழுங்காக வரும் கணக்கை நம்ப முடியாது என்பது அவர் வாதம். அவர் கணக்குப் போட்டு முடிக்கும் வரை நாங்கள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்தபடி காத்திருப்போம். விடையில் அசிங்கமான பின்னம் வந்தால் முகம் சுளிப்பார். “கேள்வின்னா மரியாதையா இருக்கணும் சார். தோத்துட்டுப் போற பையன்கூட, நல்ல இடத்துலதான் தோத்தோம்னு நினைக்கணும்.”

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. பல வருடங்களாக அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கனசதுரப் பெட்டி ஒன்றில் சரிபாதி தண்ணீர் ஊற்றி மூடிவிடுகிறோம். அதை எப்படிச் சாய்த்தாலும், தண்ணீரின் மேல்மட்டம் பெட்டிக்குள் ஒரு குறிப்பிட்ட புள்ளி வழியாகவே போகும் என்று நிறுவ வேண்டும். அவ்வளவுதான். எண்ணே கிடையாது. எக்ஸ், ஒய் என்று கிளம்புகிறவன் மூன்று பக்கம் நீந்திவிட்டுக் கரையேறாமல் போவான். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறவனுக்கு நாலு வரி.

அந்த நாலு வரிதான் அதற்கு எமன். வருடா வருடம் தலைவர் அதையே சொல்வார்: “விடை நாலே வரி. இதுக்கு முப்பது மார்க்கை எப்படி சார் பிரிச்சுப் போடுறது?” இகராஷி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அடுத்த வருடம் மறுபடி எடுப்பார்.

அவர் ஓய்வு பெற இரண்டு தேர்வுகள் பாக்கியிருந்தபோது, ஒருவழியாகத் தலைவர் மனம் இரங்கினார். பெட்டி மூன்றாம் கேள்வியாக ஏறியது. அன்று இகராஷி சந்தையில் ஒரு முழு சால்மனை வாங்கினார். பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் மனசுக்குள் அந்தப் பெட்டியைச் சாய்த்துப் பார்க்கப் போகிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அந்த சால்மனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், தாமதமாகப் பிறந்த அவருடைய ஒரே மகள் நவோ, தான் இங்கேயே, எங்கள் பல்கலைக்கழகத்துக்கே, தேர்வு எழுதப் போவதாகச் சொன்னாள்.

எங்கள் விதி எளிமையானது. வீட்டில் ஒருவர் தேர்வு எழுதினால் குழுவில் இருக்கக் கூடாது. எழுதப் போகும் பிள்ளையின் கண்ணில் பட்ட கேள்வி செத்த கேள்வி, அதை எந்த வருடமும் எடுக்க முடியாது. நவோவுக்கு இதெல்லாம் தெரியாது. அவரால் சொல்லவும் முடியாது.

“சென்டாய்ல போய்ப் படிக்கலாமே. நல்ல ஊரு. பனி கம்மி” என்று மட்டும் சொல்லிப் பார்த்தாராம்.

“அம்மா, அப்பா என்னை வீட்டை விட்டுத் துரத்தப் பார்க்கிறாரு!”

அடுத்த சனிக்கிழமை அவர் அறைக்குள் வந்து உட்காராமல் நின்றார். “வீட்ல ஒருத்தங்க எழுதுறாங்க” என்றார். யாரும் மேலே கேட்கவில்லை. தலைவர்தான், பாவம், “நீங்க போனாலும் பெட்டி இருக்கட்டுமே சார்” என்றார்.

“நான் தூக்கத்துல உளறுவேன்னு கஸுயோ சொல்றா. எடுத்துருங்க.”

அதன் பிறகும் அவர் சனிக்கிழமைதோறும் தூண்டிலோடு கிளம்பினார். திடீரென்று நிறுத்தினால் வீட்டில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார்களே. இந்தமுறை நிஜமாகவே இடப்பக்கம் திரும்பி, டிசம்பர்க் காற்றில் அலைதடுப்புச் சுவர்மேல் சாயங்காலம் வரை உட்கார்ந்தார். ஒன்றும் மாட்டவில்லை. சளிதான் பிடித்தது. வெறும் பெட்டியோடு வந்தவரைப் பார்த்து, “என்ன, இன்னைக்குச் சந்தை லீவா?” என்று கேட்டார் கஸுயோ.

மார்ச்சில் முடிவு வந்தது. நவோவின் எண் அதில் இல்லை.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து நூடுல்ஸ் கடையில் தற்செயலாக நானும் இருந்தேன். மகளோடு வந்திருந்த இகராஷி என்னை அவர்கள் மேசைக்கே கூப்பிட்டுவிட்டார். மூன்று கிண்ணம் நூடுல்ஸ் வந்தது. நவோவின் கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

“சென்டாய்ல இடம் கிடைச்சிருக்கு. ஏப்ரல்ல சேர்ந்துடலாம். இல்லைன்னா இன்னொரு வருஷம் வீட்ல இருந்து படிச்சு இங்கேயே எழுதணும். நீங்க சொல்லுங்கப்பா, எது?”

அவள் சென்டாய் போனால் இவர் குழுவுக்குத் திரும்பலாம். அடுத்த பிப்ரவரிதான் அவருடைய கடைசித் தேர்வு, மார்ச்சில் ஓய்வு. பெட்டிக் கேள்வி எழுதிய தாளைத் தலைவர் கிழிக்காமல் வைத்திருப்பதும் அவருக்குத் தெரியும். சொல்லு, சென்டாய் என்று சொல்லு என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஒரு சின்னப் பெண்ணின் ஆசைக்கு எதிராக அப்படி நினைத்தேன் என்பதை மறைத்து என்ன பயன்?

இகராஷி கிண்ணத்திலிருந்த சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்கு எதும்மா வேணும்?”

“இங்கதான்” என்றாள். “ஆனா மறுபடியும் கோட்டை விட்டேன்னா?”

அவர் சாப்பாட்டுக் குச்சி வந்த காகித உறையை எடுத்துப் பிரித்து, உள்பக்கத்தை மேசைமேல் நீவிவிட்டார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கோணலாகச் சாய்ந்த ஒரு பெட்டி, அதன் குறுக்கே ஒரு கோடு, கீழ்ப்பாதியில் தண்ணீருக்கு நாலு கீற்று. கேள்வியை மெதுவான குரலில், ஒரு சொல்கூட மாறாமல் சொன்னார்.

நவோ கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். உறையைத் தலைகீழாகத் திருப்பினாள். சட்டென்று முகம் மலர்ந்து, அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

“அட, நடுப்புள்ளி! கவுத்துப் போட்டா முடிஞ்சுபோச்சு. ரொம்ப அழகா இருக்குப்பா. ஆனா இவ்வளவு ஈஸியானதெல்லாம் எக்ஸாம்ல வராது.”

“வராது” என்றார் இகராஷி. பென்சிலை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.